மிச்சம் என்று எழுதியிருந்த குழாய்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. உன் அம்மாவின் இடது முழங்காலையும் என் மூளையையும் கழித்துவிட்டுப் பார்த்தால் இங்கே மற்றதெல்லாம் நல்ல சுகம். அங்கே நீயும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு, அந்தக் குளிரில் காதை மூடிக்கொண்டு நடமாடுவாய் என்று நம்புகிறோம். நம்புகிறோம் என்று நான்தான் எழுதுகிறேன், உன் அம்மா அடுப்படியிலிருந்து "எங்க சாப்பிடப் போறா, காப்பியைக் குடிச்சிட்டு ஓடுவா" என்கிறாள், அதையும் எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன். நான் உட்கார்ந்து கடிதம் எழுதிப் பல காலம் ஆகிறது, கையெழுத்து கோணலாக இருந்தால் அதற்குப் பேனாவைக் குறை சொல்லாதே. போன் இருக்கும்போது எதற்கு இந்தக் கூத்து என்று கேட்பாய். போனில் சொல்லிப் பார்த்தேன், நீ நம்பவில்லை. நம்பாததற்கு நியாயமான காரணம் உன்னிடம் இருக்கிறது, அதற்கும் வருகிறேன். அது போக, இந்த உறைக்குள் இரண்டு சின்னக் காகிதத் துண்டுகள் வைத்திருக்கிறேன். அவற்றைப் போன் வழியாக அனுப்ப வழி இல்லை. தவறிப்போய் குப்பையில் போட்டுவிடாதே, பத்திரமாக ஒரு பக்கம் வைத்துவிட்டு முதலில் இதைப் படி.

வீட்டுச் செய்தி என்றால் அதிகம் இல்லை. மாடி அறைக்கு உன் அம்மா புதிதாகத் திரைச்சீலை தைத்து மாட்டியிருந்தாள் அல்லவா, அது இன்னும் அப்படியே தொங்குகிறது. எங்கள் ஆலையில் உன் சின்ன இயந்திரத்தின் சோதனை ஜெயித்தால் பெரிய இயந்திரத்தை நிறுவிக் கொடுக்க நீயே வருவாய், நாலைந்து மாதமாவது இங்கே தங்குவாய் என்று நீ சொன்ன அன்றைக்கே துணி வாங்கியவள் அவள். சோதனை தோற்றுப்போனது தெரிந்த பிறகு அதைக் கழற்றவும் இல்லை, அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவும் இல்லை. வலிக்கிற காலோடு தினமும் படியேறிப் போய் அந்த ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு வருகிறாள். நான் திறக்கிறேன் என்றால் "நீங்க திறந்தா மூட மறந்துடுவீங்க" என்கிறாள். போன மாதம் உன் அத்தை வந்திருந்தாள், வந்ததும் வராததுமாய் "பொண்ணு வர்றான்னு சொன்னியே அண்ணி, என்னாச்சு" என்று கேட்டாள். அம்மா "வேலை ஜாஸ்தியாம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் வழக்கம்போல ஏதோ வேடிக்கை பேசி அத்தையைச் சிரிக்க வைத்துப் பேச்சைத் திருப்பினேன். என் வேடிக்கைப் பேச்சுதான் எல்லாவற்றுக்கும் மூலம் என்பது அப்போது எனக்கே தெரியாது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உனக்குத் தெரிந்ததைத்தான் சொல்லப் போகிறேன், பொறுத்துக்கொள், என் போக்கில் முதலிலிருந்து சொன்னால்தான் எனக்குக் கோர்வையாக வரும். எங்கள் ஆலையில் விதையை நசுக்கித் தகடு தகடாக்கி அதன்மேல் கரைப்பானைத் தெளித்து எண்ணெயைக் கரைத்து இறக்குகிறோம். புண்ணாக்கு ஒரு பக்கம் போகும், எண்ணெயும் கரைப்பானும் கலந்த மஞ்சள் தண்ணீர் இன்னொரு பக்கம் வரும். அந்தக் கலவைக்கு உங்கள் புத்தகத்தில் மிசெல்லா என்று பேர். அதற்குப் பிறகு கரைப்பானைத் திரும்ப எடுக்க வேண்டும், அதுதான் என் பிரிவு. பாய்லர் நீராவியைக் கொண்டு கலவையைக் கொதிக்கவைத்துக் கரைப்பானை ஆவியாக விரட்டுகிறோம், விரட்டிய கையோடு பச்சைத் தண்ணீர் ஓடும் குழாய்களைக் காட்டிக் குளிரவைத்துத் திரும்பக் கூப்பிடுகிறோம். ஒருத்தரை வீட்டைவிட்டுத் துரத்திவிட்டு, தெருமுனை தாண்டுவதற்குள் பின்னாலேயே ஓடிச் சமாதானம் சொல்லி அழைத்துவருகிற வேலை. இத்தனை வருஷமும் இதைச் செய்துதான் உனக்குச் சோறு போட்டேன், குறை சொல்லவில்லை. நீதான், இவ்வளவு சூடு எதற்கு அப்பா, ஒரு சவ்வின் ஒரு பக்கம் கலவையை வைத்து அழுத்தித் தள்ளினால் கரைப்பான் மெலிந்த ஆள், அவன் புகுந்து அந்தப் பக்கம் போய்விடுவான், எண்ணெய் குண்டு ஆள், அவன் இந்தப் பக்கமே நின்றுவிடுவான், பாதிக் கரைப்பானைக் கொதிக்கவைக்காமலே எடுத்துவிடலாம், பாய்லர் பாதி வேலை செய்தால் போதும் என்றாய். எனக்கு அன்றைக்கே புரிந்துபோயிற்று. எங்கள் ஆட்களுக்கும் சொன்னேன். அவர்கள் சவ்வு என்பதை ஜவ்வு ஆக்கி, "உங்க பொண்ணோட ஜவ்வு எப்ப வருது" என்று தினமும் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

இப்போது நான் உனக்கு ஒருநாளும் சொல்லாத ஒன்று. வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் மேற்பார்வையாளர் இரைச்சலுக்கு நடுவே "மிசெல்லா வால்வைத் திற" என்று கத்தினார். மிசெல்லா என்ற சொல்லை நான் அதுவரை கேட்டதே இல்லை. ஏற்கனவே ஒரு வால்வைத் திறந்துவிட்டு நின்றிருந்தேன், அவர் "மிச்சமெல்லாம் திற" என்றுதான் என் காதில் விழுந்தது. சொன்னபடி கேட்கிற பிள்ளையாக, கண்ணில் பட்ட மிச்ச வால்வுகள் எல்லாவற்றையும் திறந்துவிட்டேன், கழிவுக் குழாயினுடையது உட்பட. தரையெல்லாம் மஞ்சளாக ஓடியது. நல்லவேளை தீ கீ என்று எதுவும் ஆகவில்லை, எல்லாரையும் வெளியே ஓடச் சொல்லி, காற்றை ஓடவிட்டுச் சுத்தம் செய்தார்கள். மனுஷர் என்னை அடிப்பார் என்று நினைத்தேன், ஆனால் விஷயம் தெரிந்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மறுநாளிலிருந்து எனக்காகவே அவர் "மிச்சத்தைத் திறப்பா", "மிச்சத்தை மூடப்பா" என்று சொல்ல ஆரம்பித்தார். அப்படியே எல்லார் வாயிலும் ஒட்டிக்கொண்டது. இன்றைக்கு எங்கள் ஆலையில் மிசெல்லா என்று சொன்னால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், மிச்சம் என்றால்தான் வேலை நடக்கும். ஆலையை நடத்துகிற பெரிய சார்கூட அப்படித்தான் சொல்கிறார். என் எழுத்து அப்போது குண்டு குண்டாக இருக்குமென்று குழாய்களின் மேல் வெள்ளைப் பெயிண்டில் மிச்சம், மிச்சம் என்று என்னையே எழுத வைத்தார்கள். நான் இந்த உலகத்துக்குக் கொடுத்த ஒரே சொல் அதுதான்.

இதை ஏன் உன்னிடம் சொல்லவில்லை என்று யோசித்துப் பார்க்கிறேன். ஆலை வாசலோடு ஆலைப் பேச்சை விட்டுவிட்டு வருவது என் பழக்கம். சட்டையில் வருகிற வாடையே போதாதா, வாயிலும் எதற்கு என்று நினைப்பேன். உனக்கு நினைவிருக்கும், சாப்பிடும்போது நீ பள்ளிக்கூடத்துக் கதை சொல்வாய், நான் கேட்டுக்கொண்டே இருப்பேன், "நீங்க இன்னிக்கு என்ன பண்ணீங்கப்பா" என்று நீ கேட்டால் "கொதிக்க வெச்சேன்" என்பேன், அவ்வளவுதான். அது போகட்டும். அந்த இயந்திரத்தை நீ தயார் செய்துகொண்டிருந்தபோது ஒருநாள் போன் செய்து, அப்பா, அங்கே நீங்க எதை எதை என்னன்னு கூப்பிடுவீங்க, உங்க வார்த்தையிலயே குழாய்ல எழுதி அனுப்பறேன், உங்க ஆளுங்களுக்கு லேசா இருக்கும் என்று எவ்வளவு பொறுப்பாகக் கேட்டாய். உன்னோடு வேலை செய்கிறவர்கள் பக்கத்தில் இருக்கிறார்கள், ஸ்பீக்கரில் போட்டிருக்கிறேன் என்றும் சொன்னாய். எனக்கு உடம்பே சுருங்கிவிட்டது. அத்தனை படித்தவர்கள் காதில் மிச்சம் கிச்சம் என்று உளறி உன் மானத்தை வாங்க வேண்டாம் என்று, "எல்லாம் புத்தகத்துல இருக்கற பேருதாம்மா, மிசெல்லான்னுதான் சொல்லுவோம்" என்றேன். அதைக்கூடச் சரியாகச் சொல்ல வேண்டுமென்று அதற்குப் பிறகு முகம் மழிக்கும்போது கண்ணாடியைப் பார்த்து மிசெல்லா மிசெல்லா என்று சொல்லிப் பழகினேன். உன் அம்மா யார் அந்தப் பொம்பளை என்று கேட்டாள்.

இயந்திரம் வந்து இறங்கியது. அலமாரி உயரத்துக்கு ஒரு இரும்புச் சட்டம், அதில் படுக்கைவாக்கில் அந்த நீளக் குழாய், குழாய்க்குள் உன் சவ்வைப் பாய் மாதிரி சுருட்டி வைத்திருந்தாய். பம்ப் எங்களுடையது, தீப்பொறி வராத வகை வேண்டும் என்பதால். இணைக்க வேண்டியது மூன்றே வாய். மூன்றிலும் அழகாகத் தமிழில் அச்சடித்து ஒட்டியிருந்தாய். ஒன்றில் வரத்து, ஒன்றில் தெளிவு, ஒன்றில் மிச்சம். அந்தக் கடைசிச் சொல்லைப் பார்த்ததும் எங்கள் ஆட்கள் கைதட்டாத குறை. எங்கள் பிட்டர், ஒன்றரை என்று கூப்பிடுவோம், எந்த மரையையும் ஒரு சுற்றுப் போதும் என்றால் ஒன்றரைச் சுற்று முடுக்குகிறவன், அவன் "பாத்தியாண்ணே, வெளிநாட்டுல இருந்தாலும் உன் பொண்ணு நம்ம பாஷையை மறக்கலை" என்றான். நான் பூரித்துப் போனேன். நான் சொல்லாமலே என் சொல் உன்வரைக்கும் வந்துவிட்டது, சின்னப் பிள்ளையில் எங்கோ கேட்டு மனதில் வைத்திருக்கிறாய் என்று நினைத்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, கரைப்பான் நெடி என்று சொல்லித் துடைத்துக்கொண்டேன். அந்தத் தண்ணீர் வராமல் இருந்திருந்தால் ஒருவேளை ஒழுங்காகப் பார்த்திருப்பேனோ என்னவோ. எங்கள் பம்பிலிருந்து வரும் குழாயில் என் கையால் மிச்சம் என்று எழுதியிருக்கிறது, உன் இயந்திரத்தின் வாயிலும் மிச்சம் என்று இருக்கிறது, ஒன்றரை இரண்டையும் சேர்த்து ஒன்றரைச் சுற்று முடுக்கினான். தெளிவு கரைப்பான் தொட்டிக்கு. பாக்கி இருந்தது வரத்து, அது நமக்கு வந்து சேருகிறது என்று அர்த்தம் பண்ணிக்கொண்டு கலவையைக் கொதிக்கவைக்கிற கொதிகலத்துக்குப் போகிற குழாயில் மாட்டினோம். அம்புக்குறி ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தோம், சுருளின் மேலேயே போட்டிருந்தாயாம், சுருளோ குழாய்க்குள்ளே. நான் ஒருமுறை சுற்றிவந்து எல்லாவற்றையும் தட்டிப் பார்த்து "பேர்ப் பொருத்தம் பிரமாதம்" என்று சொல்லி அனுமதி கொடுத்தேன்.

அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியும், பாதிதான் தெரியும். கரைப்பான் இருக்கும் இடத்துக்குள் போனைக் கொண்டுபோகக் கூடாது, உன்னால் படத்தில்கூடப் பார்க்க முடியவில்லை. நான் உள்ளே போய் அழுத்தமுள்ளைப் பார்ப்பதும் வாசல் காவலர் அறைக்கு ஓடி உனக்குச் சொல்வதும், நீ சொன்னதைக் கேட்டுக்கொண்டு மறுபடி உள்ளே ஓடுவதுமாக இருந்தேன். காவலர் "என்ன சார், பிரசவ வார்டு மாதிரி ஓடறீங்க" என்றார். முள் நிலையாக நிற்காமல் ஆடிக்கொண்டே இருந்தது, நீ மெதுவாக ஏற்றச் சொன்னாய், ஏற்றினோம். தண்ணீர்போல வரவேண்டிய தெளிவு மஞ்சளாக வந்தது. கொஞ்ச நேரம் போனால் தெளியும் என்று நீ சொன்னாய், இன்னும் மஞ்சளாயிற்று. கடைசியாக நான் ஓடிவந்து சொன்னபோது நீ "சரிப்பா, நிறுத்திடுங்க" என்றாய். அந்தச் சரிப்பாவை நான் இன்னும் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். கரைப்பானில் சவ்வு ஊறிப் பொதபொதத்துவிட்டது, அல்லது பசை விட்டுவிட்டது, பொருளே சரியில்லை என்று நீ முடிவு கட்டிவிட்டாய். பெரிய சார் ஒரு உச்சுக்கொட்டலோடு முடித்துக்கொண்டார். இயந்திரத்தை வடித்துக் காயவைத்துப் பெட்டியில் அடைக்கச் சொன்னார்கள், நானும் ஒன்றரையும்தான் செய்தோம். குழாயின் மூடியைக் கழற்றியபோது உள்ளே சுருள் பிதுங்கி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. சுருட்டிய காகிதத்தின் நடுப்பகுதியை விரலால் தள்ளினால் ஒரு பக்கம் நீளுமே, அதுபோல. "ஜவ்வு நாக்கை நீட்டுதுடா" என்று நான் சொன்னேன், இரண்டு பேரும் சிரித்தோம். அப்படியே மூடி, பெட்டிக்கு ஆணி அடித்து, கப்பலுக்கு ஏற்றிவிட்டோம்.

பிறகு ஒரு விடுமுறை நாள் மத்தியானம். உன் அம்மா பயறு வேகவைத்துத் தண்ணீரை வடித்துக்கொண்டிருந்தாள், நான் தட்டு முன்னால் உட்கார்ந்து இரண்டு கவளம் சாப்பிட்டிருப்பேன். அவள் வடிகட்டியை என் பக்கம் நீட்டி, "தண்ணி தனியா இறங்கிடுச்சு, மிச்சத்தை அந்தப் பாத்திரத்துல கொட்டுங்க" என்றாள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். தண்ணீர் போனபிறகு வடிகட்டியில் கெட்டியாக நிற்பது மிச்சம். இந்த வீட்டில் மிச்சம் என்றால் அதுதான், எப்போதும் அதுதான். நீ இந்த அடுப்படியில் பேசக் கற்றுக்கொண்ட பெண், என் ஆலையில் இல்லை. உன் மிச்சம் உன் அம்மாவினுடைய மிச்சம், கரைப்பான் இறங்கியபின் சவ்வின் இந்தப் பக்கம் கெட்டியாக நிற்கிற எண்ணெய், அது வெளியே வருகிற வாய். நாங்கள் அந்த வாய் வழியாக முழு அழுத்தத்தோடு உள்ளே திணித்திருக்கிறோம். நாக்கு நீட்டிக்கொண்டிருந்த பக்கம் எது என்று அப்போதுதான் நினைவு வந்தது. வரத்து என்று நீ எழுதியிருந்த பக்கம். ஒழுங்காகத் தள்ளியிருந்தால் ஒரு சுருள் தன்னைத் தள்ளுகிறவன் மேலேயே வந்து பிதுங்குமா. உன் சவ்வு ஊறவும் இல்லை, பசை தானாக விடவும் இல்லை, நாங்கள்தான் அதைத் தலைகீழாக ஊதி ஒட்டு பிரியும்வரை தள்ளியிருக்கிறோம். கை கழுவாமல் எழுந்து உனக்குப் போன் செய்தேன்.

நீ பொறுமையாகக் கேட்டாய். கேட்டுவிட்டு என்ன சொன்னாய் என்பதை நான் மறக்க மாட்டேன். "அப்பா, ஓட்டப் பந்தயத்துல நான் கடைசியா வந்தப்பவும் நீங்க இதையேதான் சொன்னீங்க" என்றாய். உண்மைதான். அன்றைக்கு உன் ஷூ நாடாவை நான்தான் தப்பாகக் கட்டிவிட்டேன் என்று சொன்னேன், நன்றாகத்தான் கட்டியிருந்தேன். ஓவியப் போட்டியில் பரிசு வரவில்லை என்று அழுதபோது, கலர் பென்சில் மட்டமானது, நான்தான் பார்க்காமல் வாங்கிவிட்டேன் என்றேன், அது நல்ல பென்சில். ஜன்னலில் நீ வளர்த்த செடி பட்டுப்போனபோது நான்தான் உப்புத் தண்ணீரை ஊற்றிவிட்டேன் என்றேன், எந்தத் தண்ணீரும் நான் ஊற்றவில்லை, நீயும் ஊற்றவில்லை, அதுதான் பிரச்சினை. நீ தோற்ற இடத்தில் எல்லாம் நான் குறுக்கே விழுந்து பழியை எடுத்துக்கொண்டேன். அதைப் பாசம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், நீயும் சிரித்துவிடுவாய், எனக்கும் அது ஒரு பெருமை. இப்போது நிஜமாகவே ஒரு தப்பைச் செய்துவிட்டு நிற்கிறேன், என் வாய்ச்சொல்லுக்கு உன்னிடம் மதிப்பில்லை. "ஆறுதலுக்குச் சொல்றீங்கன்னு தெரியும்பா, பரவால்ல, நான் சரியாத்தான் இருக்கேன்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாய். மறுநாள் அம்மாவிடம், மாதக் கடைசியில் அறிக்கை கொடுத்துவிட்டு இந்த வேலையை விட்டு வேறு பிரிவுக்கு மாறிக்கொள்ளப் போவதாகச் சொன்னாயாம். அறிக்கையில் இந்தச் சவ்வு கரைப்பானுக்கு ஆகாது என்று எழுதப் போகிறாயாம். நீ வருஷக்கணக்காகக் கண் விழித்துச் செய்த பொருளை நீயே ஆகாது என்று எழுதப் போகிறாய், என் ஒரு கோமாளிச் சொல்லுக்காக. என் வாழ்நாளில் பல தடவை முட்டாளாகி இருக்கிறேன், அதெல்லாம் என்னோடு போயிற்று, இந்தத் தடவை உன்மேல் போய் விழுகிறது, இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அதனால்தான் இந்தக் காகிதங்கள். எங்கள் ஆய்வுக்கூடத்து மேடத்திடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, அதற்காகவே அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். நீ முதன்முதலில் மாதிரிக்கு அனுப்பினாயே, நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிய சவ்வு வில்லையும் எவர்சில்வர் கிண்ணமும், அவை அவர் அலமாரியில்தான் இருக்கின்றன. அதிலும் ஒரு அதிர்ஷ்டம், அப்போது பயன்படுத்திய வில்லையை அவர் எடுத்து வைக்க மறந்து ஒரு மூடிய குப்பியில் எங்கள் மிச்சத்திலேயே, மன்னித்துக்கொள், மிசெல்லாவிலேயே போட்டுவைத்திருந்தார், மாதக்கணக்கில் ஊறிக்கொண்டிருந்தது. பொதபொதப்பதாக இருந்தால் அது எப்போதோ கூழாகியிருக்க வேண்டும். அதையே எடுத்துக் கிண்ணத்தில் வைத்து, நைட்ரஜனால் அழுத்தம் கொடுத்துத் தள்ளினார். நான் பக்கத்தில் நின்றேன். அடியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் மாதிரி வந்தது. உன் சவ்வு வேலை செய்வதை நான் முதல்முதலாகக் கண்ணால் பார்த்தது அப்போதுதான். கொதிக்கிற சத்தம் இல்லை, ஆவி இல்லை, சும்மா இறங்குகிறது. எத்தனை வருஷமாக நான் துரத்தித் துரத்திப் பிடித்தவன், கூப்பிட்டதும் வருகிற மாதிரி வந்தான்.

எண் எல்லாம் மேடம் எடுத்து வைத்திருக்கிறார், பெரிய சார் கையெழுத்துப் போட்டதும் உனக்கு அனுப்புவார், சார் ஊரில் இல்லை, இருந்தாலும் அவர் கையெழுத்துப் போடுகிற வேகம் எனக்குத் தெரியும். அதற்குள் இதைப் பார். மஞ்சள் திட்டு உள்ள காகிதம் அன்றைக்குத் தோற்ற சோதனையில் வந்த சொட்டு, மேடம் மேசையிலேயே கிடந்தது. கரைப்பான் காற்றில் போய்விட்டது, எண்ணெய் அப்படியே உட்கார்ந்திருக்கிறது, வெளிச்சத்தில் பிடித்தால் கண்ணாடி ஜன்னல் மாதிரி தெரியும். இன்னொன்று இப்போது வந்த சொட்டு. சொட்டு விழுந்த இடத்தைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டிருக்கிறேன், இல்லாவிட்டால் எங்கே விழுந்தது என்று எனக்கே தெரியாது. உறையில் வைக்கும்போது உன் அம்மா, "வெறும் காகிதத்தை அனுப்பினா அவ எப்படி நம்புவா, இதுவும் உங்க விளையாட்டுன்னு நினைப்பா" என்றாள். நானும் அதைத்தான் பயந்தேன். ஆனால் நீ நல்ல விளக்குக்கு நேராகப் பிடித்து உற்றுப் பார், வட்டத்துக்குள் மிக லேசாக ஒரு நிழல் இருக்கும். கொஞ்சம் எண்ணெய் புகத்தான் செய்யும், எவ்வளவு புகும் என்று உங்கள் பெண் கணக்குப் போட்டுத்தான் வைத்திருப்பாள் என்று மேடம் சொன்னார். நான் விளையாடுகிறவனாக இருந்தால் அந்த நிழல்கூட இல்லாத சுத்தக் காகிதத்தை அல்லவா வைத்திருப்பேன். அந்த நிழலைப் பொய்யாகப் போட எனக்குப் படிப்புப் போதாது.

ஆகவே நான் கேட்பது இதுதான். பெட்டி கப்பலில் வந்துகொண்டிருக்கிறது. அது வந்து சேரும்வரை அறிக்கையைக் கொடுக்காதே, தவணை கேள். பெட்டியை வேறு யாரையும் திறக்கவிடாமல் நீயே திற, சுருள் எந்தப் பக்கம் பிதுங்கியிருக்கிறது என்று உன் கண்ணால் பார், பிறகு என்ன எழுத வேண்டும் என்று உனக்கே தெரியும். உங்கள் நிறுவனத்தில் இயந்திரத்தை மாட்ட ஒரு ஆளை அனுப்புகிறோம் என்று சொன்னபோது "வேண்டாம், அங்க எங்கப்பா இருக்கார்" என்று நீ சொன்னதை உன் அம்மா மூலம் கேள்விப்பட்டேன். அதை நினைத்து, அப்பாவைக் காட்டிக்கொடுக்க வேண்டாம் என்று மூடி மறைக்கப் பார்க்காதே. எழுது. எங்கப்பா குழாயைத் தப்பாக மாட்டிவிட்டார் என்று அப்படியே எழுது, நாலு பேர் சிரிப்பார்கள், சிரிக்கட்டும், எனக்கு அது பழக்கம்தான். நான் ஆயிரம் தடவை இல்லாத பழியை எடுத்துக்கொண்டேன், நீ பேசாமல் விட்டுக்கொடுத்தாய். இந்த ஒரு பழியை மட்டும் நீயாக என்மேல் போடு. அதற்குப் பிறகும் வேறு பிரிவுக்குப் போகத்தான் வேண்டும் என்று தோன்றினால் போ, உன் விருப்பம், ஆனால் தோற்றுப்போனதாக நினைத்துக்கொண்டு போகாதே.

குழாய்களில் இருந்த என் எழுத்தைப் போன வாரம் சுரண்டிவிட்டேன். ஒன்றரை பக்கத்தில் நின்று, "ஏண்ணே, வேற என்னன்னுதான் எழுதப் போற" என்று கேட்டான். இன்னும் ஒன்றும் எழுதவில்லை, இரும்பு பளபளவென்று வெறுமனே இருக்கிறது. என்ன பேர் வைக்கலாம் என்று நீ சொல், இந்தத் தடவை நான் கேட்கிறேன். ஆலையில் மற்றவற்றுக்கெல்லாம் என்ன பேர் என்று ஒரு நாள் சாவகாசமாக உன்னிடம் சொல்ல வேண்டும், வெட்கப்படாமல் எல்லாவற்றையும் சொல்கிறேன், கொதிகலத்தின் பேரைக் கேட்டால் உன் அம்மா என்னை வீட்டைவிட்டுத் துரத்துவாள்.

அம்மா இதுவரைக்கும் எழுதியதை வாங்கிப் படித்தாள். ஒரு வரி அவள் சார்பில் சேர்க்கச் சொல்கிறாள், அவள் ஆறுதலுக்குப் பேசுகிற ஆள் இல்லை என்று உனக்குத் தெரியும். "அவர் சொல்றது நிஜம்டி. கல்யாணமான நாள்லேருந்து தட்டுல சோறு இருக்கும்போது அந்த மனுஷன் எழுந்து நான் பார்த்ததில்லை. அன்னிக்கு எழுந்தார்." இவ்வளவுதான் அவள் சொன்னது. ஜன்னலைத் தினமும் திறந்து வைப்பதைப் பற்றி எழுத வேண்டாம் என்றாள், நான் மேலே எழுதியதை அவள் கவனிக்கவில்லை போலிருக்கிறது, நீயும் காட்டிக்கொள்ளாதே.

உடம்பைப் பார்த்துக்கொள். காப்பியைக் குறைத்துக்கொள். நீ எந்தக் கதவைத் தட்டினாலும் அது திறக்கட்டும், உன் கை தொட்டது விளங்கட்டும், எங்கள் இரண்டு பேருடைய ஆசீர்வாதமும் எப்போதும் உனக்கு உண்டு. காகிதத்தை விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்க்க மறக்காதே, வட்டத்துக்கு உள்ளே, நிழலை.

இப்படிக்கு,
இந்த ஒரு தடவை உண்மையாகவே தப்புச் செய்த
உன் அப்பா